பர்ச்சேஸ் பில் பாஸ் ஆகற கதைக்கு பிபிஎம்என் எதுக்கு, ஃப்ளோசார்ட் போதாதா?

புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும்னு உங்க கேள்வியை சுருக்கி சொல்லிடறேன். பெங்களூர் வைட்ஃபீல்டுல ஒரு கம்பெனியில பிசினஸ் அனலிஸ்ட்டா சேர்ந்திருக்கீங்க. கிளையன்ட் அதே ஊர்ல பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல இருக்கற ஒரு ஆட்டோ பார்ட்ஸ் ஃபேக்டரி. அவங்க பர்ச்சேஸ் பில் எப்படி பாஸ் ஆகுதுன்னு ஃப்ளோசார்ட் போட்டு குடுத்தீங்க, மேனேஜர் "பிபிஎம்என்ல போட்டு குடுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டார். பிபிஎம்என்னா பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நோட்டேஷன், வேலை நடக்கற விதத்தை படமா வரையற ஒரு ஸ்டாண்டர்ட் முறை. ரெண்டுலயும் டப்பா, டயமண்ட், அம்பு தானே, எதுக்கு இந்த வதை, டெவலப்பருங்க எப்படியும் பார்க்க மாட்டாங்க, போதாக்குறைக்கு சர்டிஃபிகேட் வேற எடுக்கணுமாங்கறது உங்க கேள்வி.

பார்க்க ஒண்ணு மாதிரி தான் இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ஃப்ளோசார்ட்ல ஒரு அம்புக்கு என்ன அர்த்தம்னா வரைஞ்சவர் என்ன நெனச்சாரோ அது தான். பிபிஎம்என்ல அந்த அர்த்தம் முன்னாடியே எழுதி வெச்சாச்சு, நீங்க என்ன நெனச்சு வரைஞ்சீங்கன்னு அது கேக்காது. இதை வெறும் வார்த்தையா சொன்னா புரியாது, அதனால உங்க படத்தையே எடுத்துக்குவோம்.

உங்க படத்துல "பில் வந்தது"ன்னு ஒரு டப்பா. அதுல இருந்து ரெண்டு அம்பு, ஒண்ணு ஸ்டோர்ஸுக்கு போகுது, சரக்கை எண்ணி, க்யூசி அதாவது தரம் பார்த்து, ஜிஆர்என் அதாவது சரக்கு வந்து சேர்ந்ததுக்கான சீட்டு போடணும். இன்னொண்ணு அக்கவுண்ட்ஸுக்கு, அவங்க பில்லுல இருக்கற ரேட்டை பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர் ரேட்டோட ஒப்பிடணும். ரெண்டு அம்பும் போய் "பேமென்ட் பண்ணு"ங்கற ஒரே டப்பாவுல சேருது. மனுஷங்க யார் பார்த்தாலும் "சரி, ரெண்டும் முடிஞ்சதும் பேமென்ட் போகும்"னு புரிஞ்சுக்குவாங்க. இதே படத்தை அப்படியே பிபிஎம்என்ல வரைஞ்சீங்கன்னா அதோட அர்த்தம் வேற. கேட்வே, அதாவது வழி பிரியற, சேர்ற இடத்துல வெக்கற டயமண்ட் போடாம ஒரு டாஸ்க்ல, அதாவது வேலை டப்பாவுல இருந்து ரெண்டு அம்பு வெளிய போனா ரெண்டு பக்கமும் வேலை கிளம்பும், அது வரைக்கும் நீங்க நெனச்சது தான். ஆனா கேட்வே போடாம ரெண்டு அம்பு ஒரு டாஸ்க்குக்குள்ள வந்தா, அது ரெண்டுக்கும் காத்திருக்காது, எது வந்தாலும் வந்த உடனே ஓடும், அடுத்தது வந்தா மறுபடியும் ஓடும். அதாவது ரேட் செக் முடிஞ்ச உடனே, சரக்கை எவனும் எண்ணிப் பார்க்கறதுக்கு முன்னாடியே ஒரு பேமென்ட் போயிடும், அப்புறம் ஜிஆர்என் போட்டதும் அதே பில்லுக்கு இன்னொரு பேமென்ட். டபுள் பேமென்ட்னு ஆடிட்டர் தலையில அடிச்சுக்கற விஷயம் உங்க படத்துலயே சட்டப்படி இருக்கு.

இன்னும் ஒரு கூத்து கேளுங்க. அதே படத்தை சாஃப்ட்வேர்காரங்க வரையற இன்னொரு நோட்டேஷனான யூஎம்எல் 2 ஆக்டிவிட்டி டயக்ராமா யாராவது படிச்சா, அங்க விதி நேர் தலைகீழ். ஒரு ஆக்ஷனுக்குள்ள ரெண்டு அம்பு வந்தா ரெண்டும் வந்து சேர்ற வரைக்கும் அது ஆரம்பிக்காது. ஆக ஒரே டப்பா, ஒரே அம்பு, ஒரு நோட்டேஷன்ல ரெண்டு தடவை பணம் போகுது, இன்னொண்ணுல ஒரு தடவை போகுது. "சும்மா பொதுவா ஒரு படம் போடு, புரிஞ்சுக்குவாங்க"ன்னு சொல்றவங்க கிட்ட நான் இதைத் தான் காட்டுவேன். சரி பண்றது ரொம்ப சுலபம், பேமென்ட்டுக்கு முன்னாடி பிளஸ் குறி போட்ட டயமண்ட், அதாவது பேரலல் கேட்வே ஒண்ணு வைங்க, அது ரெண்டு பக்கமும் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கும்.

இதையெல்லாம் யோசிக்கறதுக்கு ஒரே ஒரு கருத்து போதும், டோக்கன். ப்ராசஸ் ஆரம்பிக்கறப்ப ஒரு டோக்கன் பிறக்குது, அம்பு வழியா நகருது, பேரலல் கேட்வேல ரெண்டா பிரியுது, சேர்ற இடத்துல ஒண்ணாகுது, எண்ட் ஈவென்ட்ல செத்துடுது. எக்ஸ் குறி போட்ட எக்ஸ்குளூசிவ் கேட்வேன்னா பிரியாது, ஏதாவது ஒரு வழியில மட்டும் போகும். நான் டீம்ல புதுசா வர்றவங்களுக்கு படத்தை ஏ3ல பிரிண்ட் எடுத்து, ஒரு ரூபா காசுங்களை கையில குடுத்து தள்ளச் சொல்லுவேன். பத்து நிமிஷத்துல எங்க மாட்டுதுன்னு அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. கம்ப்யூட்டர்லயே பண்ணணும்னா பிபிஎம்என் டாட் ஐஓல டோக்கன் சிமுலேஷன்னு ஒரு பிளகின் இருக்கு, இலவசம் தான், ஆனா மீட்டிங்ல பத்து பேர் சுத்தி நிக்கறப்ப காசு தான் வேலை செய்யுது.

இந்த டோக்கன் கணக்கு எவனோ கன்சல்டன்ட் கண்டுபிடிச்சது கிடையாது. 1962ல ஜெர்மனியில கார்ல் ஆடம் பெட்ரின்னு ஒருத்தர் தன்னோட டாக்டர் பட்ட ஆய்வுல குடுத்தது, அதைத் தான் பெட்ரி நெட்னு சொல்றோம். ப்ராசஸை படமா வரையற பழக்கம் அதுக்கும் ரொம்ப முந்தி, கில்ப்ரெத் தம்பதி 1921லயே அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல ப்ராசஸ் சார்ட்டுன்னு அறிமுகப்படுத்திட்டாங்க, ஆனா அந்தப் படத்தை கணக்குப் போட்டு "இது மாட்டும், இது மாட்டாது"ன்னு சொல்ல முடியாது. பெட்ரி நெட்டை வெச்சு அதைச் சொல்லலாம். 90கள்ல வில் வான் டெர் ஆல்ஸ்ட்னு டச்சுக்காரர் ஒருத்தர் அதை ஆபீஸ் வேலைக்கு பொருத்தி, ஒரு ப்ராசஸ் சவுண்டா, அதாவது எங்கயும் மாட்டாம ஒழுங்கா முடியறதா இருக்கான்னு பார்க்க சில நிபந்தனை வெச்சார். எங்க இருந்தாலும் முடிவுக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்கணும், முடிஞ்ச அப்புறம் நடுவுல எங்கயும் டோக்கன் தொங்கிட்டு இருக்கக்கூடாது, எந்தக் காலத்துலயும் ஓடாத டாஸ்க்குன்னு ஒண்ணு இருக்கக்கூடாது. அவ்வளவு தான். பிபிஎம்என் அந்த டோக்கன் யோசனையை எடுத்துக்கிட்டு மேல ஆபீஸ்காரங்களுக்கு புரியற சட்டை போட்டுவிட்டது. 2004ல பிபிஎம்ஐங்கற அமைப்பு முதல் வெர்ஷனை வெளியிட்டது, அந்த அமைப்பு அடுத்த வருஷம் ஓஎம்ஜிங்கற ஸ்டாண்டர்ட் வகுக்கற அமைப்போட சேர்ந்துடுச்சு, 2011 ஜனவரியில 2.0 வந்தது, 2013ல ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டாவும் ஆயிடுச்சு, நம்பர் 19510.

இப்ப பில்லுக்கு திரும்ப வருவோம், ஏன்னா அடுத்த ஓட்டை இன்னும் சுவாரசியம். பேரலல் கேட்வே போட்டாச்சு, நிம்மதின்னு இருக்கீங்க. ஸ்டோர்ஸ் பக்கம் க்யூசில "ஓகே / ரிஜெக்ட்"னு ஒரு டயமண்ட் வெச்சிருக்கீங்க. ரிஜெக்ட்னா "சரக்கை திருப்பி அனுப்பு", அதோட எண்ட். காசை நகர்த்திப் பாருங்க. ஸ்டோர்ஸ் டோக்கன் ரிஜெக்ட் வழியில போய் செத்துடுச்சு. அக்கவுண்ட்ஸ் டோக்கன் ரேட் செக்கை முடிச்சுட்டு பிளஸ் டயமண்ட்ல வந்து நிக்குது, இன்னொரு ஆள் வரணும்னு காத்துட்டு இருக்குது, ஆனா அந்த ஆள் வரவே போறதில்ல. இதுக்கு பேர் தான் டெட்லாக். இது வெறும் படத்துல இருக்கற பிரச்சனைன்னு நெனைக்காதீங்க. அந்த ஃபேக்டரி அக்கவுண்ட்ஸ் மேஜையில "ஜிஆர்என் பெண்டிங்"னு ஒரு ஃபைல் இருக்கும், போய் திறந்து பாருங்க, சரக்கு எப்பவோ ரிட்டர்ன் போயிருக்கும், பில்லு மட்டும் அங்க உக்காந்துட்டு இருக்கும், இயர் எண்ட்ல வெண்டார் லெட்ஜர் டேலி ஆகாது.

இதுக்கு அவசரமா ஒரு டெர்மினேட் எண்ட் போட்டு எல்லா டோக்கனையும் கொன்னுடலாம்னு தோணும், பண்ணாதீங்க. பீன்யால எந்த ஸ்டோர்கீப்பரையும் கேளுங்க, முழு லாட்டும் ரிஜெக்ட் ஆகறது அபூர்வம். 200 பீஸ் வந்தா 30 ரிஜெக்ட் ஆகும், மிச்சம் 170க்கு பணம் குடுத்து தான் ஆகணும், 30க்கு உண்டான தொகையைக் கழிச்சுக்க வெண்டாருக்கு டெபிட் நோட் போடணும். அதனால ரிஜெக்ட் ஆனாலும் ஸ்டோர்ஸ் டோக்கன் சேர்ற இடத்துக்கு வரட்டும், எத்தனை ஏத்துக்கிட்டோம்ங்கற எண்ணிக்கையோட வரட்டும், சேர்ந்த அப்புறம் ஒரு எக்ஸ் டயமண்ட் வெச்சு முழுசா, பாதியா, ஒண்ணுமே இல்லையான்னு பிரிங்க. நீங்க படம் சரி பண்ணப் போனீங்க, டெபிட் நோட்டுங்கற வேலையே படத்துல விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுது பாருங்க, நோட்டேஷனால கிடைக்கற லாபம் எனக்குத் தெரிஞ்சு இது தான். "முடிவு எங்க"ன்னு அது விடாம கேக்கறதால, கிளையன்ட் யாருமே சொல்லாத விஷயம் வெளிய வருது.

ஆரம்பத்தையும் அதே மாதிரி கேளுங்க. உங்க ஸ்டார்ட் ஈவென்ட் "பில் வந்தது". நிஜத்துல எப்படி நடக்குது? வண்டி கேட்டுக்கு வரும், செக்யூரிட்டி இன்வார்டு ரெஜிஸ்டர்ல எழுதுவார், கையில டிசி, அதாவது டெலிவரி சலான் இருக்கும், பில்லு சில நேரம் கூடவே வரும், சில நேரம் ரெண்டு மூணு நாள் கழிச்சு மெயில்ல வரும். அப்ப ப்ராசஸ் ஆரம்பிக்கறது சரக்கு வந்தப்பவா, பில்லு வந்தப்பவா? இது சும்மா வாதத்துக்கு கேக்கற கேள்வி கிடையாது, சட்டத்துலயே இதுக்கு வேலை இருக்கு. வெண்டார் மைக்ரோ அல்லது ஸ்மால் என்டர்பிரைஸா பதிவு பண்ணியிருந்தா, சின்ன தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இடி சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன நாளுக்குள்ள, அதுவும் மிஞ்சிப் போனா 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும், ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள். அந்த நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கறது சரக்கு டெலிவரி ஆன நாள்ல இருந்து. பில்லு மெயில்ல எப்ப வந்ததுன்னு அது பார்க்காது. அதே சமயம் டெலிவரி ஆன 15 நாளுக்குள்ள "சரக்குல குறை இருக்கு"ன்னு எழுத்துல சொல்லிட்டா, வெண்டார் அந்தக் குறையை தீர்த்த நாள்ல இருந்து தான் கணக்கு. போன்ல திட்டினதெல்லாம் எழுத்துல சேர்த்தி இல்ல. நாள் தாண்டிப்போனா வட்டி ஒரு பக்கம், வருமான வரி சட்டப்படி அந்த செலவை பணம் குடுத்த வருஷத்துல தான் கழிக்க முடியும்ங்கறது இன்னொரு பக்கம். இதெல்லாம் தெரிஞ்ச அப்புறம் ஸ்டார்ட் ஈவென்டை "சரக்கு வந்தது"ன்னு மாத்தி, பில்லு வர்றதை நடுவுல காத்திருக்கற ஒரு மெசேஜ் ஈவென்டா வெப்பீங்க.

அந்த 45 நாளை எப்படி காட்டறதுன்னா டைமர் ஈவென்ட். ஃப்ளோசார்ட்ல இதுக்கு இடமே கிடையாது, ஓரத்துல "45 நாளுக்குள்"னு குறிப்பு எழுதுவாங்க, யாரும் படிக்க மாட்டாங்க. பிபிஎம்என்ல செக்கிங்ல இருந்து அப்ரூவல் வரைக்கும் உள்ள வேலையை ஒரு சப்ப்ராசஸா கட்டி, அதோட விளிம்புல கடிகாரம் போட்ட ஒரு வட்டத்தை ஒட்டலாம். வட்டத்தோட கோடு முழுசா இருந்தா நேரம் ஆனதும் உள்ள நடக்கற வேலையை நிறுத்திட்டு வெளிய போயிடும், விட்டு விட்டு இருந்தா உள்ள வேலை பாட்டுக்கு நடக்கும், கூடவே ஒரு புது டோக்கன் கிளம்பி ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு எச்சரிக்கை போகும். நமக்கு வேண்டியது விட்டு விட்டு இருக்கற கோடு, 35வது நாளோ 40வது நாளோ வைங்க. சின்னக் கோடு தான், இதை மாத்திப் போட்டா 40வது நாள் வேலையே நின்னுடும்.

அடுத்தது, வெண்டாரை நீங்க ஒரு லேனா போட்டிருக்கீங்க. இது எல்லாரும் பண்றது தான். லேன்ங்கறது நம்ம ப்ராசஸுக்குள்ள யார் செய்யறாங்கன்னு காட்டற கோடு, ஸ்டோர்ஸ், க்யூசி, அக்கவுண்ட்ஸ் எல்லாம் லேன். வெண்டார் நம்ம சொல்படி கேக்கறவர் கிடையாது, அவருக்கு தனி பூல், உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாததால காலி டப்பாவா விட்டுடலாம். பூலுக்கு பூல் சாதா அம்பு போகவே கூடாது, விட்டு விட்டு இருக்கற கோடு போட்ட மெசேஜ் ஃப்ளோ மட்டும் தான் போகும், நம்ம டோக்கன் அங்க போகாது. இதை ஒழுங்கா வரைஞ்சதும் ஒரு கேள்வி தானா வரும், டெபிட் நோட்டுக்கு வெண்டார் பதிலே சொல்லலேன்னா என்ன பண்ணுவீங்க? அங்க எக்ஸ் டயமண்ட் உதவாது, ஏன்னா அது கையில இருக்கற தகவலை வெச்சு அப்பவே முடிவு பண்றது. இங்க தகவலே இன்னும் வரல. இதுக்குன்னு இருக்கறது ஈவென்ட் பேஸ்டு கேட்வே, பதில் வர்றதா, ஏழு நாள் முடியறதா, எது முந்துதோ அந்த வழி.

பெங்களூர்ல வேலை பார்க்கறவங்களுக்கு இதுல இன்னொரு சௌகரியமும் இருக்கு. பீன்யால ஒரு வொர்க்ஷாப் மீட்டிங் எடுத்தீங்கன்னா ஸ்டோர்கீப்பர் கன்னடம், லைன் சூப்பர்வைசர் தர்மபுரி பக்கத்து ஆளு நம்ம தமிழ், அக்கவுண்ட்ஸ்ல ஒரு மலையாளி, பர்ச்சேஸ்ல ஹிந்தி பேசறவர், எல்லாரும் அவங்கவங்க இங்கிலீஷ்ல பேசிப்பாங்க, "அதெல்லாம் ஆயிடும் சார்"னு தலையாட்டிடுவாங்க. போர்டுல படத்தைப் போட்டு காசை அந்த ஸ்டோர்கீப்பர் கையிலயே குடுத்து "இல்லிந்த எல்லி ஹோகத்தே", அதாவது இங்க இருந்து எங்க போகும்னு கன்னடத்துல கேட்டீங்கன்னா, அவர் நகர்த்திக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தி, இல்ல சார், இந்த இடத்துல நாங்க பர்ச்சேஸுக்கு போன் பண்ணி வாய் வார்த்தையா ஓகே வாங்கிடுவோம்னு சொல்லுவார். அந்த போன் கால் எந்த எஸ்ஓபிலயும், அதாவது எழுதி வெச்ச நடைமுறையிலயும் இருக்காது.

சரி, எவ்வளவு கத்துக்கணும்? பிபிஎம்என் 2.0 போஸ்டரை யாராவது சுவத்துல ஒட்டி வெச்சிருந்தா பயந்துடாதீங்க, குறிகளோட எண்ணிக்கை நூறைத் தாண்டும். 2008லயே மைக்கேல் சுர் மியூலனும் யான் ரெக்கரும் நிஜமா கம்பெனிகள்ல வரைஞ்ச படங்களை எடுத்துப் பார்த்தாங்க, அப்ப இருந்த பழைய வெர்ஷன்லயே சராசரியா ஒரு படம் மொத்தக் குறியில அஞ்சுல ஒரு பங்கு கூட பயன்படுத்தல. டாஸ்க், சப்ப்ராசஸ், ஸ்டார்ட், எண்ட், மெசேஜ், டைமர், எக்ஸ், பிளஸ், ஈவென்ட் பேஸ்டு, பூல், லேன், ரெண்டு வகை அம்பு, இவ்வளவு வெச்சு உங்க பில் ப்ராசஸ் முழுசும் வரைஞ்சிடலாம். வட்டம் போட்ட டயமண்ட், அதான் இன்க்ளூசிவ் கேட்வே, அதை தொடாதீங்க. பிரிக்கறப்ப ஜாலியா இருக்கும், சேர்க்கறப்ப எத்தனை டோக்கனுக்கு காத்திருக்கணும்னு படிக்கறவனுக்கும் புரியாது, வரைஞ்சவனுக்கும் மறந்துடும். மெண்ட்லிங், ரெய்யர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் மூணு பேரும் 2010ல ஏழு வழிகாட்டுதல் குடுத்தாங்க, அதுலயும் இதைத் தவிர்க்கச் சொல்லியிருக்காங்க, கூடவே 50 உருப்படிக்கு மேல போனா படத்தை உடைன்னும் சொல்லியிருக்காங்க. என் கணக்குல 50ங்கறதே ஜாஸ்தி, ஒரு ஏ4ல படிக்க முடியலேன்னா உடைச்சிடுங்க.

அனுபவசாலிங்க வரைஞ்சா தப்பு வராதுன்னு நெனைச்சா அதுவும் இல்ல. பிபிஎம்என்னுக்கு முன்னாடி 1992ல ஜெர்மனியில ஷியர்ங்கறவரோட குழு சாப்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனி கூட சேர்ந்து ஈபிசின்னு ஒரு நோட்டேஷன் கொண்டு வந்தது, சாப் ரெஃபரன்ஸ் மாடல், அதாவது மத்தவங்க பார்த்து வரையறதுக்கான மாதிரி படங்களோட தொகுப்பு, அதுல தான் இருந்தது. பின்னாடி ஆராய்ச்சிக்காரங்க அதுல இருந்த 604 ப்ராசஸ் படத்தை மெஷின்ல குடுத்து பார்த்தப்ப குறைஞ்சது 34ல டெட்லாக் மாதிரியான பிழை இருந்தது. உலகமே பார்த்து காப்பி அடிச்ச படங்க அது.

டெவலப்பருங்க பார்க்க மாட்டாங்கங்கற குறைக்கு பாதி காரணம் நாம தான் சார். ஒரே படத்துல மேனேஜருக்கு ஒரு வரி, ஏபிஐக்கு ஒரு வரின்னு கலந்து கட்டறோம். ஸ்பெசிஃபிகேஷனே டிஸ்கிரிப்டிவ், அனலிட்டிக், எக்ஸிக்யூட்டபிள்னு தட்டு பிரிச்சிருக்கு. கிளையன்ட்டுக்கு முதல் தட்டு, உங்களுக்கும் டெஸ்டருக்கும் ரெண்டாவது. மூணாவது தட்டுக்கு போனா டெவலப்பர் பார்த்தே ஆகணும், ஏன்னா 2.0ல இருந்து படம் எக்ஸ்எம்எல் ஃபைலா சேவ் ஆகுது, கமுண்டா, ஃப்ளோவபிள் மாதிரி இன்ஜின்ல போட்டா அந்தப் படமே ஓடும். அதுக்கு முன்னாடி காலத்துல பிபிஎம்என்ல வரைஞ்சு பிபெல்ங்கற கம்ப்யூட்டர் மொழிக்கு மாத்தி ஓட்டுவாங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சரியா பொருந்தாது, மாத்தின அப்புறம் படம் ஒரு பக்கம் கோட் ஒரு பக்கம்னு போயிடும். உங்க ப்ராஜெக்ட்ல இன்ஜினே இல்லேன்னா எக்ஸிக்யூட்டபிள் லெவலுக்கு வரைஞ்சு நேரத்தை வீணாக்காதீங்க.

எல்லாத்தையும் இதுல திணிக்கவும் வேண்டாம். ரேட் வித்தியாசம் எத்தனை சதவீதம் வரைக்கும் அக்கவுண்ட்ஸே விடலாம், எதுக்கு மேல பர்ச்சேஸ் ஹெட், எந்த வெண்டாருக்கு விதிவிலக்குங்கறதை எல்லாம் டயமண்டா அடுக்கினீங்கன்னா படம் மல்லேஸ்வரம் மார்க்கெட் ஒயர் மாதிரி ஆயிடும். அதை டிஎம்என், அதாவது முடிவு விதிகளை எழுதற நோட்டேஷன்ல டேபிளா எழுதி ஒரே ஒரு பிசினஸ் ரூல் டாஸ்க்ல கோத்துடுங்க, அதுவும் ஓஎம்ஜி ஸ்டாண்டர்ட் தான், 2015ல வந்தது. வெண்டாரோட பெரிய சண்டை வந்து எம்டி, வக்கீல்னு போற கேஸ்ல அடுத்த அடி என்னன்னு அவங்களுக்கே தெரியாது, அதுக்கு சிஎம்எம்என்னு ஒண்ணு இருக்கு, ஆனா பயன்படுத்தறவங்க கம்மி. அங்க "தகராறை தீர்"னு ஒரு டாஸ்க்கைப் போட்டு பொறுப்பு யாருன்னு எழுதிட்டு நகர்ந்துடுங்க.

டூலுக்கு செலவு பண்ண வேண்டாம், கமுண்டா மாடலர் சும்மாவே கிடைக்குது. டிரா டாட் ஐஓலயும் பிபிஎம்என் வடிவங்க இருக்கு, ஆனா வெண்டார் பூலுக்கு நீங்க சாதா அம்பு இழுத்தா அது பாட்டுக்கு விடும், தட்டிக் கேக்காது. கத்துக்கற காலத்துல தட்டிக் கேக்கற டூல் தான் நல்லது.

சர்டிஃபிகேட்டுக்கு ஓஎம்ஜி ஓசிஇபின்னு பரீட்சை வெக்கறாங்க. கம்பெனி காசு கட்டினா எழுதுங்க, சொந்தக் காசுல வேண்டாம்ங்கறது என் அபிப்ராயம். நான் இன்டர்வியூ எடுக்கறப்ப அதைக் கேக்கறது இல்ல, மேல சொன்ன பிளஸ் டயமண்டும் ரிஜெக்ட் எண்டும் இருக்கற படத்தை ஒயிட்போர்டுல போட்டுட்டு மார்க்கரை அவங்க கிட்ட குடுத்துடுவேன். உங்க மேனேஜருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி புது படத்துல ஸ்டார்ட் ஈவென்ட் எது, டெபிட் நோட் எங்க, டைமர் எதோட விளிம்புல ஒட்டியிருக்குன்னு இங்க எழுதுங்க, பார்த்து சொல்றேன்.